ஒன்பது மணிக்கு மேல் எழுதியவை

மார்ச் 6

அன்புள்ள பொடிசுக்கு,

இடது கையில் இரண்டு ஊசி, வலது கையில் பேனா. எழுத முடிகிறது என்றால் சுகம் என்றுதானே அர்த்தம். அங்கே நீயும் உன் மகள் சின்னவளும் எப்படி இருக்கிறீர்கள்? உன் காது தேவலையா? முப்பது வருடம் தையல் மெஷின் இரைச்சலில் நின்று காதைத் தொலைத்துவிட்டாய். போனில் நான் எதைச் சொன்னாலும் "ஆங், ஆங்" என்கிறாய். கேட்டதா இல்லையா என்றே எனக்குத் தெரிவதில்லை. அதனால்தான் கடிதம் என்று முடிவு செய்தேன். வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு நாலு மணி நேரம் இங்கே படுத்துக் கிடக்கிறேன். வெட்டி முறிக்கிற வேலை வேறென்ன எனக்கு?

7.05. ஓரத்தில் நேரம் போட்டிருப்பதைப் பார்த்துச் சிரிக்காதே. பஸ் டிப்போவில் முப்பத்தொரு வருடம் டைம் கீப்பராக இருந்தவன் கை சும்மா இருக்காது. உன் அண்ணி பால் வாங்கப் போய்த் திரும்பினால்கூட மனசுக்குள் குறித்துக்கொள்கிறேன்.

7.50. இந்த ஹாலில் எட்டுப் படுக்கை, எட்டு டயாலிசிஸ் மெஷின். என் ரத்தம் ஒரு குழாயில் வெளியே போய், கழுவப்பட்டு, இன்னொரு குழாயில் திரும்பி வருகிறது. கழுவுகிற திரவத்தில் உப்பும் கொஞ்சம் குளுக்கோஸும் கலந்திருக்குமாம். கேனில் நீல லேபிள் ஒட்டி எழுதியிருக்கிறது. வீட்டில் உன் அண்ணி சர்க்கரை டப்பாவை எனக்கு எட்டாத இடத்தில் வைத்திருக்கிறாள். இங்கே மெஷினே எனக்கு ஊட்டிவிடுகிறது. அவளிடம் போட்டுக்கொடுத்துவிடாதே.

9.25. காலை ஐந்தரைக்கு இன்சுலின் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு வருகிறேன். சாப்பிட்டு வந்தால் நடுவில் பிரஷர் இறங்கிவிடுகிறது என்று நர்ஸ் கண்டிப்பு. வீட்டுக்குப் போய்த்தான் சாப்பாடு. பக்கத்துப் படுக்கைத் தச்சர் குறட்டையிலும் மரம்தான் அறுக்கிறார்.

10.20. இன்னும் இருபது நிமிடத்தில் ஊசியை எடுத்துவிடுவார்கள். சின்னவளைப் படிப்பில் கோட்டை விடாமல் பார்த்துக்கொள். பதில் போடு.

உன் அண்ணன்

மார்ச் 16

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் கடிதத்தைச் சாப்பாட்டு இடைவேளையில் படித்துத் தனியாகச் சிரித்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பார்த்தார்கள். காது அப்படியேதான் இருக்கிறது. அதில் ஒரு லாபம், மேலாளர் திட்டுவது பாதிதான் கேட்கிறது.

எனக்கு இப்போது செக்கிங் மேஜை. ஒரு நாளைக்கு நானூறு சட்டை என் கண்ணைத் தாண்டிப் போகும். போன வாரம் புதிதாக வந்த பெண் ஒருத்தி அழுதுகொண்டு நின்றாள். அவள் தைத்த சட்டை எல்லாவற்றிலும் இடது தோளில் தையல் தாண்டியிருந்தது. நான் அவளை ஒன்றும் சொல்லவில்லை. பத்துச் சட்டையில் பத்து இடத்தில் பிசகினால் தைப்பவள் கை சரியில்லை. பத்திலும் ஒரே இடத்தில் பிசகினால் மெஷினைத்தான் பார்க்க வேண்டும். பார்த்தோம். துணி தடிக்கிற இடம் வரும்போது ஊசி ஒரு மயிரிழை விலகிக்கொண்டிருந்தது. மெஷினுக்கு ஊசி மாற்றினார்கள், பெண்ணுக்கு நான் டீ வாங்கிக் கொடுத்தேன்.

உன் இரண்டு ஊசியைப் படித்தபோது மட்டும் சிரிப்பு நின்றுவிட்டது. ஆறு வருடத்துக்கு முன்னால், என் சிறுநீரகத்தில் ஒன்றை எடுத்துக்கொள் என்று வந்து பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டுப் போனேன். பொருந்தவில்லை என்று டாக்டர் சொன்னதாக நீ எழுதினாய். ஒரே வயிற்றில் பிறந்தோம், ஒரே மூக்கு, ஒரே முன்கோபம். அது மட்டும் எப்படிப் பொருந்தாமல் போனது என்று எனக்கு இன்னும் ஆறவில்லை. போகட்டும். அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

பொடிசு

ஏப்ரல் 10

அன்புள்ள பொடிசுக்கு,

நலமாக வந்து படுத்துவிட்டேன். நீங்களும் நலமாக இருப்பீர்கள். உன் தோள் தையல் கதையை நர்ஸுக்குப் படித்துக் காட்டினேன். "உங்க தங்கச்சியை இங்க அனுப்புங்க, எங்களுக்கும் செக்கிங் வேணும்" என்றாள். சிறுநீரகக் கதை பழைய கதை, அதை விடு.

7.20. இங்கே ஒரு மாற்றம். நீல லேபிள் கேன் போய் வெள்ளை லேபிள் கேன் வந்திருக்கிறது. இதில் குளுக்கோஸ் கிடையாது. "சர்க்கரைக்காரங்களுக்கு எதுக்கு சார் சர்க்கரை? இதுதான் உங்களுக்கு நல்லது" என்று கேன் மாட்டுகிறவர் சொன்னார். நியாயமாகத்தான் பட்டது. ஆக, மெஷினும் உன் அண்ணி கட்சியில் சேர்ந்துவிட்டது.

8.25. தச்சர் மகளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. ஹால் முழுக்க எல்லோரிடமும் இரண்டு தடவை சொல்லிவிட்டார். மூன்றாவது தடவைக்கு என்னைப் பார்க்கிறார்.

9.15. கொட்டாவி கொட்டாவியாக வருகிறது. கை வேர்த்துப் பேனா வழுக்குகிறது. உன்னிடம் ஒன்று சொல்ல வந்தேன், அது என்னவென்றால்

9.40. பதினேழாம் நம்பர் இன்னும் வரவில்லை. டிரைவர் யார் என்று கேள். கேட்டு எழுது. பொடிசு பள்ளிக்கூடம் விட்டு நிற்பாள், மழை, குடை என்னிடம் இருக்கிறது. வண்டி வரவில்லை. நேரம் போட வேண்டும். வராத வண்டிக்கு எந்த நேரம் போடுவது, நீ சொல், நீ சொல், வராத வண்டிக்கு

ஏப்ரல் 19

அன்புள்ள அண்ணா,

உடம்புக்கு என்ன? எதையும் மறைக்காமல் எழுது. உன் கடிதத்தின் முடிவை நாலு முறை படித்தேன். கையெழுத்து கோடு விட்டு இறங்கி, தாளின் கீழ் மூலைக்கே போய்விட்டது. கையொப்பம்கூட இல்லை. முதலில் விளையாடுகிறாய் என்று நினைத்தேன். பிறகு பயம் வந்துவிட்டது. நான் பள்ளிக்கூடம் விட்டு நின்றது நாற்பது வருடத்துக்கு முன்னால். ஆனால் அந்த மழையும் குடையும் உண்மை, எனக்கும் ஞாபகம் இருக்கிறது. எதை நம்புவது, எதைத் தள்ளுவது என்று புரியவில்லை.

அரைத் தூக்கத்தில் எழுதினாயா? அப்படித்தான் என்று ஒரு வரி போடு. அது பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை.

பொடிசு

மே 8

அன்புள்ள பொடிசுக்கு,

எல்லோரும் சுகம்தானே? ஆமாம், அரைத் தூக்கத்தில்தான் எழுதியிருப்பேன். என்ன எழுதினேன் என்று சத்தியமாக ஞாபகம் இல்லை. கடிதத்தை முடித்து உறையில் போட்டதும் ஞாபகம் இல்லை. நர்ஸ்தான் போட்டாளாம். அந்த நாளிலிருந்து இங்கிருந்து கிளம்பும்போது தலை பஞ்சு அடைத்தது போல இருக்கிறது. வீட்டில் சாப்பிட்டுப் படுத்து எழுந்தால் சரியாகிவிடுகிறது. வயசு ஆகிறது, வேறென்ன.

7.40. நடுவில் உனக்கு இரண்டு சின்னக் கடிதம் அனுப்பினேனாம், அண்ணி சொல்கிறாள். அதிலும் ஏதாவது உளறியிருந்தால் கிழித்துப் போடு.

8.35. இன்று தெளிவாக இருக்கிறேன். சின்னவள் பரீட்சை எப்போது முடிகிறது? முடிந்ததும் ஒரு வாரம் அவளை இங்கே அனுப்பு.

9.20. வேர்க்கிறது. மின்விசிறி ஓடுகிறதே, ஓடுகிறதா?

9.35. பொருந்தியது பொடிசு. டாக்டர் காகிதத்தைக் காட்டினார். பச்சை மை. எல்லாம் பொருந்தியது. சின்னவள் சின்னவள், அப்பா இல்லாத பிள்ளை. வண்டியை நிறுத்து, அவள் இறங்கட்டும். நான் அடுத்ததில் வருகிறேன். பச்சை மை. காகிதத்தை ரிஜிஸ்டர் அட்டைக்குள் வைத்தேன், பதினேழாம் நம்பர் வரவில்லை, யாரும் பார்க்கவில்லை

மே 31

அன்புள்ள அண்ணா,

மூன்று வாரம் எழுதாமல் இருந்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே. கம்பெனியில் ஆர்டர் நெருக்கடி, கழுத்தைப் பிடிக்கிற வேலை. நான் சுகம். சின்னவள் பரீட்சை நன்றாக எழுதியிருக்கிறாள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். போன கடிதத்தில் "பொருந்தியது" என்று எழுதியிருக்கிறாய். என்ன பொருந்தியது? உளறல் என்றால் உளறல் என்று சொல். இல்லை என்றால் அதையும் சொல். இரண்டில் எதைச் சொன்னாலும் எனக்கு வலிக்கும் என்று தெரிந்துதான் கேட்கிறேன்.

பொடிசு

ஜூன் 7

அன்புள்ள பொடிசுக்கு,

இது வீட்டிலிருந்து எழுதுவது. மாலை 5.15. உன் அண்ணி மாடியில் துணி எடுக்கப் போயிருக்கிறாள். உன் உடம்பைப் பார்த்துக்கொள், கண்ணுக்கு வேலை அதிகம் கொடுக்காதே.

நீ கேட்டது உளறல்தான். டிப்போவில் பழைய நேர அட்டவணையும் புது அட்டவணையும் பொருந்தியது என்று எழுத வந்திருப்பேன். அதில் ஆராய ஒன்றுமில்லை.

நீ சின்ன வயசில் ஓடையில் விழுந்தபோது நான் தள்ளிவிட்டதாக வீட்டில் சொன்னாய். நான் தள்ளவில்லை, நீயாகத்தான் விழுந்தாய். அதற்கு நான் வாங்கிய அடி இன்னும் கணக்கில் இருக்கிறது. அதை இன்றோடு தள்ளுபடி செய்துவிட்டேன். என் கைக்கடிகாரம் சின்னவளுக்கு. நேரம் சரியாக ஓடும், தினமும் சாவி கொடுக்கச் சொல். ஜூலை முதல் தேதிக்கு மேல் படுத்துக்கொண்டு எழுத எனக்கு வசதிப்படாது. கடிதம் வரவில்லையே என்று தவிக்காதே. அண்ணியை அடிக்கடி விசாரித்துக்கொள்.

உன் அண்ணன்

ஜூன் 12

அன்பு நாத்தனாருக்கு,

உன் அண்ணி எழுதுகிறேன். நீயும் மகளும் சுகம் என்று நம்புகிறேன். எனக்கு எழுதிப் பழக்கமில்லை, தப்பிருந்தால் பொறுத்துக்கொள்.

அவர் உனக்கு எதையும் சொல்லியிருக்க மாட்டார். ஒரு மாதத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வீட்டுக்கு வராமல் பழைய டிப்போவுக்குப் போய்விட்டார். டைம் கீப்பர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றாராம். இப்போது அந்த வேலையில் இருப்பவர் நல்ல மனிதர். டீயும் பிஸ்கட்டும் வாங்கிக் கொடுத்து, கொஞ்ச நேரத்தில் சரியானதும் கூட்டி வந்து விட்டார். அன்று முழுக்க இவர் வெட்கத்தில் என் முகத்தைப் பார்க்கவில்லை. மூளையைப் படம் எடுத்தார்கள். வயசுக்கு உண்டான சுருக்கம்தான், இருந்தாலும் மறதி நோயின் ஆரம்பமாக இருக்கலாம் என்கிறார்கள். மாதா மாதம் எடுக்கிற ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை, உப்பு எல்லாம் சரியாக இருக்கிறது. அதை மெஷினில் மாட்டுவதற்கு முன்னால் எடுப்பார்கள்.

நேற்று என்னை உட்கார வைத்துச் சொன்னார். "சிறுநீரகம் போச்சு, மெஷின் இருக்கு. புத்தி போனா அதுக்கு எந்த மெஷின் இருக்கு? உன்னையே யாருன்னு கேக்கறதுக்கு முன்னாடி நிறுத்திக்கறேன்." ஜூலை ஒன்றாம் தேதியோடு டயாலிசிஸை நிறுத்தப் போகிறாராம். நிறுத்தினால் பத்து நாளோ பதினைந்து நாளோ, அவ்வளவுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் அழுதேன், கெஞ்சினேன், பேசாமல் இருந்தும் பார்த்தேன். எனக்கு என்ன செய்வதென்றே புரியவில்லை. உன் பேச்சை மட்டும்தான் அவர் கேட்பார்.

உன் அண்ணி

ஜூன் 17

அன்புள்ள அண்ணி,

தைரியமாக இருங்கள். சின்னவள் போனில் பாதி சொல்லியிருப்பாள். டாக்டரிடம் காட்ட எழுத்தில் இருக்கட்டும் என்று இதை அனுப்புகிறேன். அண்ணாவின் கடிதங்களையும் இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன்.

உங்கள் கடிதம் வந்ததும் அவர் எழுதிய எல்லாவற்றையும் கட்டிலில் வரிசையாகப் பரப்பி வைத்தேன், மேஜையில் சட்டை பரப்புகிற மாதிரி. பிசகிய இடத்திலெல்லாம் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டேன். அப்போதுதான் தெரிந்தது அண்ணி. ஏப்ரலிலிருந்து படுக்கையில் படுத்து எழுதிய கடிதம் நாலு. நாலிலும் ஒன்பது மணி வரை ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. ஒன்பதே காலுக்குக் கொட்டாவி, வியர்வை. ஒன்பதரைக்கு எல்லாம் கலைந்துபோகிறது. ஜூன் ஏழாம் தேதி வீட்டிலிருந்து எழுதியதில் ஒரு பிசகும் இல்லை. புத்தி போகிறவருக்கு மணி பார்த்துப் போகுமா? நாலிலும் ஒரே இடத்தில் பிசகினால் ஆளைப் பார்க்கக் கூடாது, மெஷினைப் பார்க்க வேண்டும்.

மார்ச்சில் எழுதியதைப் பாருங்கள். பத்து இருபது வரை தெளிவு. அப்போது நீல லேபிள் கேன், அதில் குளுக்கோஸ் இருந்தது. ஏப்ரலில் வெள்ளை லேபிள், குளுக்கோஸ் இல்லை. காலையில் இன்சுலின் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் போகிறார். முன்னால் அந்தத் திரவத்தில் இருந்த சர்க்கரை அவரைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. இப்போது தாங்க எதுவும் இல்லை, ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையும் அந்தத் திரவத்தோடு போகிறது என்று நினைக்கிறேன். டிப்போவில் டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டதும் சரியானார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சர்க்கரை இறங்கினால் வியர்க்கும், கொட்டாவி வரும், பேச்சு குழறும் என்று ஒரு தாளில் படித்தேன். அந்தத் தாள் எனக்கு எப்படிக் கிடைத்தது என்று இப்போது கேட்காதீர்கள்.

நான் டாக்டர் இல்லை, தப்பாகவும் இருக்கலாம். ஒன்றே ஒன்று செய்யுங்கள். அடுத்த முறை ஒன்பதேகால் மணிக்கு அவர் விரலில் குத்திச் சர்க்கரையைப் பார்க்கச் சொல்லுங்கள். முன்னால் பார்த்துப் பயனில்லை, ஒன்பதேகாலுக்குப் பார்க்க வேண்டும். அவர்கள் மாட்டேன் என்றால் அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள்.

உங்கள் நாத்தனார்

ஜூலை 3

அன்புள்ள பொடிசுக்கு,

சுகமாக இருக்கிறேன். இந்த முறை இது சம்பிரதாயத்துக்கு எழுதுவதில்லை. நீங்கள் இருவரும் சுகம்தானே?

7.10. தேதியைப் பார்த்தாயா? ஒன்றாம் தேதி தாண்டிவிட்டது. நான் படுக்கையில்தான் இருக்கிறேன்.

7.45. நடந்ததை உன் அண்ணி சொல்லித்தான் எனக்கே தெரியும். ஒன்பது மணிக்கு ஹாலுக்குள் வந்து நின்றாளாம். உள்ளே யாரும் வரக்கூடாது என்றதற்கு, "வெளியே தள்ளறதா இருந்தா தள்ளுங்க, விரல்ல குத்திட்டுத் தள்ளுங்க" என்றாளாம். முப்பத்தைந்து வருடத்தில் அவள் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை, அன்றும் கேட்கிற நிலையில் இல்லை. குத்தினார்கள். நாற்பத்தாறு. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்தாம். நர்ஸ் பதறிப்போய்க் குழாய் வழியாகக் குளுக்கோஸ் ஏற்றினாள். பத்து நிமிடத்தில் நான் கண்ணைத் திறந்து, "நீ இங்க எங்க வந்தே, பால் வாங்கலையா" என்று கேட்டேனாம். அவள் அங்கேயே சுவரில் சாய்ந்து அழுதாள். அது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

8.30. டாக்டர் உன் சிவப்புப் பென்சில் கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எனக்கு மறுபடி நீல லேபிள் கேன். வாரத்தில் இங்கே வருகிற மூன்று நாளும் காலை இன்சுலின் பாதி, கொஞ்சம் சாப்பிட்டுவிட்டும் வர வேண்டும். ஒன்பது மணிக்கு விரலில் ஒரு குத்து. ஹாலில் இன்சுலின் போட்டுக்கொள்கிற இன்னும் இரண்டு பேருக்கும் அப்படியே மாற்றிவிட்டார்கள்.

9.20. பயந்துபோயிருந்தேன் பொடிசு. சாவதற்கு அவ்வளவு பயம் இல்லை. நான் நானாக இல்லாமல் இருப்பேனோ என்றுதான் பயம். உன்னிடம் சொல்லாமல் போகப் பார்த்தது தப்பு.

10.05. கை வேர்க்கவில்லை. கொட்டாவி இல்லை. இன்று என்ன கிழமை என்று தச்சரைக் கேட்டுச் சரிபார்த்துவிட்டேன். அதனால் இதை உளறல் என்று நீயும் தள்ள முடியாது, நானும் தப்பிக்க முடியாது.

பொருந்தியது. உன்னுடையது எனக்கு முழுசாகப் பொருந்தியது. அப்போது மாப்பிள்ளை இறந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. சின்னவளுக்குப் பன்னிரண்டு வயசு. ஆபரேஷன் மேஜையில் உன்னைக் கிடத்தி ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் அந்தப் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள் என்று நினைத்தேன். சொன்னால் நீ கேட்க மாட்டாய். அதனால் பொருந்தவில்லை என்று பொய் எழுதினேன். காகிதம் இன்னும் ரிஜிஸ்டர் அட்டைக்குள் இருக்கிறது.

10.25. திட்டி எழுது. முழுசாகப் படிக்கிறேன்.

உன் அண்ணன்

ஜூலை 10

அண்ணாவுக்கு,

சுகமா என்று கேட்கப் போவதில்லை. பத்து இருபத்தைந்து வரை கோணாமல் எழுதியிருக்கிறாய், அதிலேயே தெரிகிறது.

மே மாதம் மூன்று வாரம் நான் எழுதவில்லையே, ஆர்டர் நெருக்கடி ஒன்றும் இல்லை. "பொருந்தியது" என்ற வார்த்தையைப் படித்த மறுநாளே லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். உளறலோ நிஜமோ, என்னிடம் கொடுப்பதற்கு இருக்கிறதா என்று முதலில் தெரிந்துகொள்ள நினைத்தேன். எல்லாப் பரிசோதனையும் செய்தார்கள். எனக்கும் சர்க்கரை வந்துவிட்டதாம். இனி என்னுடையதை யாருக்கும் எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டு, சர்க்கரை இறங்கினால் என்ன ஆகும் என்று ஒரு தாளைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அண்ணியிடம் சொன்னேனே, அந்தத் தாள்தான்.

ஆறு வருடத்துக்கு முன்னால் கொடுத்திருக்கலாம். நீ ஊசி இல்லாமல் ஆறு வருடம் நடமாடியிருக்கலாம். எனக்காகவும் சின்னவளுக்காகவும் என்று சொல்லி, என்னைக் கேட்காமலே முடிவு செய்துவிட்டாய். ஓடையில் நான் விழுந்ததற்கு நீ அடி வாங்கினாய், சரி. இதற்கும் நீயே வாங்கிக்கொள்வாயா? அழுது அழுது எனக்குக் கண்ணும் போய்விடும் போலிருக்கிறது. காது ஏற்கெனவே இல்லை.

உன்னை நான் மன்னிக்கவில்லை. சீக்கிரம் மன்னிக்கிற உத்தேசமும் இல்லை. கோபம் தீர எனக்கு வருடக் கணக்கில் ஆகும். அத்தனை வருடமும் நீ இருந்து ஒவ்வொரு திட்டையும் படித்தாக வேண்டும். வாரம் மூன்று நாள் தவறாமல் போய்ப் படு. ஒன்பது மணிக்கு விரலை நீட்டு. கைக்கடிகாரம் சின்னவளுக்கு வேண்டாமாம், நீயே கட்டிக்கொள்ளச் சொல்கிறாள்.

பத்து மணிக்கு மேலும் எழுது. ஓரத்தில் நேரம் போட மறக்காதே.

பொடிசு